பகிர்வது வேறு, திரள்வது வேறு

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலி முகத்திடலில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடினார்கள். பெரும்பாலானோர் கொழும்பில் வேலை பார்க்கும் மலையகப் பிள்ளைகள். அவர்கள் அன்று தங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. ஊரில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கும் கவ்வாத்து வெட்டும் அப்பாவுக்கும் நாளொன்றுக்கு 1,000 ரூபா அடிப்படைச் சம்பளம் கேட்டார்கள். அதற்கான அழைப்பு பேஸ்புக்கில் பரவி, வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, லயத்துக்கு லயம் போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டே நாளில், ஒக்டோபர் 26 இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை அந்தப் பதவியில் அமர்த்தினார். நாட்டின் கவனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவோடு நின்றது. ஆயிரம் என்ற எண் வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 மார்ச் ஆகிவிட்டது.

அழைப்பு சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. பலன் வர ஆண்டுகள் பிடித்தன. இந்த இடைவெளிக்குத் தலைவர்களின் துரோகம், கம்பனிகளின் பிடிவாதம் என்று அரசியல் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று, மனித உறவுகளின் வலையமைப்பைப் பற்றிய அறிவியல். ஒரு செய்தி எப்படிப் பரவுகிறது, ஒரு கூட்டம் எப்படித் திரள்கிறது, கட்சிப் பிரசாரம் ஏன் மற்றதைவிட வேகமாக ஓடுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் அது மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகிறது.

பிரட்டுக்களம் முதல் கைத்தொலைபேசி வரை

தோட்டத்தில் செய்தி வழக்கமாக மேலிருந்து கீழே இறங்கும். நிர்வாகத்தின் செய்தி துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும் கங்காணிக்கும் வந்து, காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போடும்போது தொழிலாளியின் காதில் விழும். தொழிற்சங்கத்தின் செய்தியும் அதே அமைப்பில்தான் வரும். தலைமையகம் பிரதிநிதிக்குச் சொல்லும், பிரதிநிதி தோட்டத் தலைவருக்குச் சொல்வார், தலைவர் லயத்துக்குச் சொல்வார். ஒவ்வொரு படியிலும் ஒருவர் இருக்கிறார். அவர் விரும்பாத செய்தி அவரோடு நின்றுவிடும்.

இந்தப் படிகளைத் தாண்ட அந்தக் காலத்திலேயே முயன்றவர்கள் உண்டு. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தாலே அத்துமீறல் என்று இருந்த காலத்தில், கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தைக் கட்டினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் குறைகளைப் பாட்டாகக் கட்டி, கூடிய இடங்களில் பாடினார். அப்பாடல்கள் சிறு நூல்களாக அச்சாகியும் கைமாறின. தோட்டத்து அரசியல் பிரசாரம், எழுத்துத் தெரியாதவரும் மனப்பாடம் செய்து அடுத்தவருக்குக் கடத்தும் வடிவத்தில் இருந்தது. இன்று அரை நிமிட டிக்டொக் காணொளி செய்கிற வேலைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

கைத்தொலைபேசி வந்ததும் இடையில் இருந்த படிகள் தேவையற்றுப் போயின. பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ ஒரு லயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒருவராவது கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ கட்டட வேலையிலோ இருப்பார். அவர் அங்கே வேறு தோட்டத்துப் பிள்ளைகளோடு ஓர் அறையில் தங்குவார். ஹட்டனில் நடப்பது பதுளைப் பையனுக்கும், பதுளையில் நடப்பது இரத்தினபுரிப் பையனுக்கும் அந்த அறையில்தான் தெரியவரும்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த அறையின் முக்கியத்துவத்தை விளக்குகிறது. நெருங்கிய சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதிய செய்தி, அதிகம் பழகாத ஆட்கள் வழியாகத்தான் வரும். அவர்கள்தான் நம் வட்டத்தை வேறொரு வட்டத்தோடு இணைக்கிறார்கள் என்றார் அவர். இதைத் தளர்ந்த தொடர்பின் வலிமை என்பார்கள். லயம் நெருக்கமான வட்டம். கொழும்பு அறை பல லயங்களை இணைக்கும் தளர்ந்த தொடர்பு. பேஸ்புக் அந்த அறையை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தது.

நூறு பேர் நிற்கும் களம்

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, சரி. ஆட்கள் வருவார்களா?

கிரானோவெட்டரே 1978இல் இதற்கும் ஒரு மாதிரி கொடுத்தார். அதைப் பிரட்டுக்களத்தில் வைத்துப் பார்க்கலாம். காலையில் நூறு பேர் நிற்கிறார்கள். இன்று வேலைக்குப் போவதில்லை என்று ஒரு பேச்சு. ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: எத்தனை பேர் நின்றால் நானும் நிற்பேன்? முதலாமவர் யாரையும் பார்க்கமாட்டார். அவருக்கு எண் பூச்சியம். இரண்டாமவருக்கு ஒருவர் நின்றால் போதும். மூன்றாமவருக்கு இருவர் வேண்டும். இப்படியே போய், நூறாவது ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டும். இந்தக் களத்தில் முதல் ஆள் நின்றவுடன் இரண்டாமவர் நிற்பார், அவரைப் பார்த்து மூன்றாமவர் நிற்பார். கடைசியில் நூறு பேரும் நின்றுவிடுவார்கள்.

இப்போது ஒரே ஓர் ஆளை மாற்றுவோம். இரண்டாமவர் ஒருவர் போதாது, இருவர் வேண்டும் என்று நினைப்பவராக இருக்கட்டும். முதல் ஆள் நிற்பார். பிறகு யாரும் நிற்கமாட்டார்கள். மீதி தொண்ணூற்றொன்பது பேரும் மலைக்குப் போய்விடுவார்கள். பார்க்கிறவர்கள் அந்தத் தோட்டத்து ஆட்கள் வீரர்கள், இந்தத் தோட்டத்து ஆட்கள் பயந்தாங்கொள்ளிகள் என்பார்கள். இரண்டு களங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒருவரின் மனக்கணக்கு மட்டுமே.

பகிர்வதற்கு விரல் நுனி போதும். அதில் எந்த இழப்பும் இல்லை. வேலையை நிறுத்தினால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், முற்பணம் பிடிபடும், துரையின் பார்வை மாறும். இழப்பு கூடக் கூட, தனக்கு முன்னால் நிற்க வேண்டியவர்களின் எண்ணிக்கையும் ஒவ்வொருவர் மனதிலும் கூடும். தொலைவில் இருக்கும் ஒருவர் சொன்னதைக் கேட்டு யாரும் இந்த இழப்பை ஏற்கமாட்டார். பக்கத்து வீட்டு அக்கா, எதிர் லயத்து மாமா, கூட மலைக்குப் போகிறவள் என்று நம்பிக்கைக்குரிய பலர் செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

டேமன் சென்டோலா என்ற ஆய்வாளர் 2010இல் 1,528 பேரை இணையத்தில் இரண்டு விதமான வலையமைப்புகளில் சேர்த்து இதைச் சோதித்தார். ஒன்றில் அண்டை அயலார் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்த நெருக்கமான கொத்துகள். மற்றதில் தொடர்புகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. ஓர் உடல்நலத் தளத்தில் பதிவு செய்வது என்ற செயல் சிதறிய வலையில் 38 விழுக்காட்டினரிடம்தான் பரவியது. நெருக்கமான வலையில் 54 விழுக்காட்டினரிடம், அதுவும் வேகமாக, பரவியது. செய்தி பரவுவதற்குத் தளர்ந்த தொடர்பு போதும். செயல் பரவுவதற்கு, ஒரே விஷயத்தைப் பல வாயால் கேட்கும் நெருக்கம் வேண்டும்.

காலி முகத்திடலில் கறுப்பு உடை செய்த வேலையும் இதுதான். சட்டையின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று. சுயவிவரப் படத்தைக் கறுப்பாக மாற்றுவதும் அதே வேலைதான். தயங்கி நிற்பவருக்கு எண்ணிக்கையைக் கண்முன் காட்டிவிடும். 2010 அமெரிக்கத் தேர்தலின்போது பேஸ்புக் சுமார் 6 கோடி 10 இலட்சம் பேரை உள்ளடக்கி ஒரு பரிசோதனை நடத்தியது. வாக்களியுங்கள் என்ற வெறும் அறிவிப்பு கிட்டத்தட்டப் பயனற்றுப் போனது. ஏற்கெனவே வாக்களித்த நண்பர்களின் முகங்களையும் சேர்த்துக் காட்டிய அறிவிப்புதான் ஆட்களை வாக்குச்சாவடிக்கு அனுப்பியது. அந்த விளைவிலும் பெரும்பங்கு, நேரில் பழகும் நெருங்கிய நண்பர்கள் வழியே வந்தது.

ஒரே ஒப்பந்தம், இரண்டு எண்கள்

கட்சிப் பிரசாரமும் இதே வழியில்தான் வருகிறது. அது பெரும்பாலும் பச்சைப் பொய்யாக வருவதில்லை என்பதுதான் அதைப் பிடிப்பதில் உள்ள சிரமம்.

2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் நான்கு வரியில் இருந்தது. அடிப்படை 500 ரூபா, உற்பத்தித்திறன் ஊக்கக் கொடுப்பனவு 140, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30. கூட்டினால் 730. கையெழுத்திட்டவர்களின் பதிவுகளில் 730 பெரிய எழுத்தில் நின்றது. எதிர்த்தவர்களின் பதிவுகளில் 500 நின்றது. இரண்டும் அதே தாளில் உள்ள எண்கள்.

2019 ஒப்பந்தத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அடிப்படை 700, விலைப் பங்கு 50, ஆக 750. வரவுக்கும் உற்பத்தித்திறனுக்கும் கிடைத்த 200 ரூபாவை எடுத்துவிட்டார்கள். ஒருவர் அடிப்படைச் சம்பளம் 40 விழுக்காடு உயர்ந்தது என்று எழுதலாம், அது உண்மை. அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும் என்பதும் உண்மை. இன்னொருவர் மொத்தத்தில் கூடியது வெறும் 20 ரூபா என்று எழுதலாம். எல்லாக் கொடுப்பனவும் முழுதாகக் கிடைத்து வந்தவருக்கு அதுவும் உண்மைதான். ஆனால் வரவு குறைந்து, கொழுந்து எடை குறைந்து, பழைய கொடுப்பனவுகளை இழந்து வந்தவருக்குப் புதிய ஒப்பந்தத்தில் கையில் வருவது கூடவே செய்யும். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரே பதிவில் எழுதினால் படிக்கிறவருக்கு உண்மை தெரியும். அப்படி எழுதிய பதிவை யாரும் பகிரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஏன் பகிரமாட்டார்கள்? வில்லியம் பிராடி என்ற உளவியலாளரும் சகாக்களும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நீதி அநீதியோடு உணர்ச்சியையும் சேர்த்துச் சொல்லும் சொல் ஒவ்வொன்றும் ஒரு பதிவு பரவும் அளவைச் சுமார் 20 விழுக்காடு கூட்டுகிறது. துரோகம், காட்டிக்கொடுப்பு, வெட்கக்கேடு போன்ற சொற்கள் அந்த வகை. அவை தம் பக்கத்தாரிடையேதான் அதிகம் பரவுகின்றன. எதிர்ப்பக்கத்துக்கு அவ்வளவாகப் போவதில்லை. ஆக, இத்தகைய பதிவு யாரையும் மனம் மாற்றாமலே தன் கூட்டத்தை இன்னும் சூடாக்கிவிடுகிறது.

இயந்திரமும் இதற்கு எண்ணெய் ஊற்றியது. 2017 முதல் பேஸ்புக்கின் வரிசைப்படுத்தும் கணிப்பில் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு, சாதாரண விருப்பக் குறியைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுக்கப்பட்டது. கோபத்தை எழுப்பும் பதிவு அதிகம் பேரின் திரைக்கு வந்தது. இது 2021இல் கசிந்த உள் ஆவணங்கள் வழியே வெளியுலகுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னரே, 2020இல், நிறுவனம் கோபக் குறியின் மதிப்பைப் பூச்சியமாக்கியிருந்தது.

பொய்யின் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். சோருஷ் வொசூகி, டெப் ராய், சினான் அரல் ஆகியோர் 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்தித் தொடர்களை ஆராய்ந்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரை எட்ட மெய்க்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதில் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களுக்கே பெரும்பங்கு என்பதும் தெரியவந்தது. பொய் புதுமையாக இருக்கிறது. புதுமையை முதலில் சொன்னவராக இருக்க எல்லோருக்கும் ஆசை.

சித்தப்பா அனுப்பினால் சந்தேகம் வருமா?

மலையகத்தில் பேஸ்புக்கைவிட ஆழமாக இறங்குவது வட்ஸ்அப். அங்கே வரிசைப்படுத்தும் இயந்திரம் எதுவும் இல்லை. ஆலயத் திருவிழாக் குழு, பாடசாலைப் பழைய மாணவர் குழு, டிவிசன் இளைஞர் குழு, மரண சகாய சங்கக் குழு, சொந்தக்காரர் குழு என்று ஒரே ஆள் பல குழுக்களில் இருப்பார். ஒரு படம் அவரிடம் வந்தால் ஐந்து குழுக்களுக்கும் போகும். அந்த ஐந்திலும் இருக்கும் இன்னொருவருக்கு அது ஐந்து முறை வரும். ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மைபோலத் தோன்றத் தொடங்கும் என்பதை உளவியலாளர்கள் 1977லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். அனுப்பியவர் சித்தப்பாவாகவும் இருந்துவிட்டால், மூலம் எது என்று கேட்பதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டிய நெருக்கம் இங்கே பொய்க்கும் உறுதி கொடுக்கிறது.

இதன் கொடூரமான முகத்தை மலைநாட்டின் விளிம்பிலேயே பார்த்தோம். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி காணொளியாகப் பரவியது. உணவில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அப்படி ஒரு மாத்திரையே மருத்துவத்தில் கிடையாது. மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை ஒரு வாரம் முடக்கியது. பேஸ்புக்கிடம் சிங்களம் தெரிந்த பரிசீலகர்கள் போதிய அளவில் இல்லாததால் வெறுப்புப் பதிவுகள் முறைப்பாடு செய்யப்பட்ட பின்னும் நீக்கப்படாமல் கிடந்தன. 2020 மே மாதம் அந்நிறுவனம் தன் தளம் வன்முறைக்குப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

முடக்குவது எளிய மருந்துபோலத் தெரியும். 2022 ஏப்ரலில் போராட்டக் காலத்திலும் அரசு அதையே செய்தது. சில மணி நேரத்தில் பின்வாங்கியது. முடக்கத்தில் வதந்தியோடு, வதந்தியை மறுக்கும் செய்தியும் நின்றுவிடுகிறது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அடிப்படை 500 என்பதும் மொத்தம் 730 என்பதும் உண்மையாக இருக்கும் இடத்தில் ஆணைக்குழு எதை நீக்கும்?

வட்ஸ்அப் நிறுவனம் எடுத்த வழி வேறு. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனம் சொன்னது. உள்ளடக்கத்தில் கை வைக்காமல், கைமாற்றுவதில் சிறு சிரமத்தை வைத்ததற்கே இந்த விளைவு.

எல்லாப் பழியும் இயந்திரத்துக்கா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. 2020 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பேஸ்புக்கின் தெரிவு இயந்திரத்தை நிறுத்தி, பதிவுகளை நேர வரிசையில் மட்டும் மூன்று மாதம் காட்டிப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவின்படி, பார்த்த பதிவுகள் மாறின. அரசியல் பிளவு குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. திரை ஏற்கெனவே உள்ள பிளவைப் பெரிதாக்கலாம். அதை உருவாக்கிய சம்பளமும் நிலமும் வாக்கும் திரைக்கு வெளியே இருக்கின்றன.

2024ஐப் பாருங்கள். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் மலையகத் தொழிற்சங்கத் தலைமைகள் ரணிலுக்கும் சஜித்துக்குமாகப் பிரிந்து நின்றன. நுவரெலியா மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முதலிடம் பெற்றார். எட்டு வாரத்துக்குள், நவம்பர் 14 பொதுத் தேர்தலில், அதே மாவட்டத்தின் எட்டு இடங்களில் ஐந்தைப் புதிய ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. அவர்களில் ஒருவராகக் கிருஷ்ணன் கலைச்செல்வி பாராளுமன்றம் போனார். தோட்டத் தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வாக்கு இளகியதில் கைத்தொலைபேசிக்குப் பங்கு உண்டு. ஆனால் புதிய ஜனாதிபதியின் அலை, பொருளாதார நெருக்கடியில் பட்ட அடி, சந்தா வாங்கிய சங்கங்கள் மேல் இருந்த சலிப்பு ஆகியவற்றைக் கழித்துவிட்டு டிக்டொக்கின் பங்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

சம்பளக் கணக்கு இன்னும் ஓயவில்லை. 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அரசு அறிவித்தது. நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டே அடிப்படை 1,350ஆக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, அரசு தரும் வரவுக் கொடுப்பனவு 200, மொத்தம் 1,750 என்று முன்மொழிந்தார்கள். மீண்டும் ஒரு கட்சிக்கு ஒரு எண், மறு கட்சிக்கு இன்னொரு எண். கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர்தான் என்ற நிபந்தனை எந்தச் சுவரொட்டிப் படத்திலும் வருவதில்லை.

பென்னிகுக், ராண்ட் என்ற ஆய்வாளர்கள் 2021இல் காட்டிய ஒரு முடிவு இங்கே கைகொடுக்கும். யாரோ ஒருவர் ‘இந்தத் தலைப்புச் செய்தி சரியானதுதானா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டாலே, பிறகு மக்கள் பகிர்வதன் தரம் உயர்கிறது. பொய்யைப் பலர் நம்பிப் பகிர்வதில்லை. சரியா என்று யோசிக்காமலே பகிர்கிறார்கள். ஆகவே சம்பளம் பற்றிய படம் குழுவில் வந்தால் கேட்க வேண்டியவை இவைதான்: அடிப்படை எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, எத்தனை கிலோவுக்கு, எந்த மாதத்திலிருந்து? எல்லா வரியையும் போடுங்கள்.

முதலில் கேட்பவருக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கட்சி விரோதி என்ற பட்டமும் கிடைக்கலாம். ஆனால் பிரட்டுக்களத்தின் அதே கணக்கு இங்கேயும் செல்லும். ஒருவர் கேட்டால் இரண்டாமவருக்குத் துணிவு வரும். மூன்று பேர் கேட்கும் குழுவில், சித்தப்பா அடுத்த படத்தை அனுப்புமுன் தாமாகவே ஒருமுறை கூட்டிப் பார்ப்பார்.